இரண்டு என்ற எண்ணும் போலி என்ற சொல்லும்

இத்தாலிய சினிமா என்றதும் நம் சிற்றிதழ் வாசகர் வாயில் வரிசையாக வந்து விழும் பெயர்கள் உண்டு. டி சிகா, ரோசெலினி, ஃபெலினி, அன்டோனியோனி, பசோலினி. இந்த வரிசையோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதே நாட்டில், அதே காலத்தில், நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்ட மலிவுப் படங்களைப் பற்றிக் கேட்டால் அதே வாசகர் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்: போலி. அமெரிக்காவில் ஒரு படம் ஓடினால் ரோமில் அதற்கொரு நகல் தயாராகிவிடும். சுறா என்றால் சுறா, பேய் என்றால் பேய், பிணம் என்றால் பிணம். இதில் பேச என்ன இருக்கிறது என்கிறார்.

பேச நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. ‘போலி’ என்ற சொல், விமர்சனத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வரும் சோம்பேறித்தனம். படைப்பின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, படைப்பைப் பாராமலே கோப்பை மூடிவிடுகிற குமாஸ்தாவின் வேலை அது. அந்தச் சொல்லால் ஒரு படத்தின் சிறப்பு மறைகிறது என்பதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதன் உண்மையான குற்றமும் சேர்ந்து மறைந்துபோகிறது என்பதுதான் வருத்தம். இதை ஒரே ஒரு படத்தை முன்வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். லூச்சோ ஃபுல்ச்சி இயக்கி 1979இல் வெளிவந்த ‘ஸோம்பி 2’ அந்தப் படம்.

குற்றப்பத்திரிகையை முதலில் முழுமையாக வாசித்துவிடுவோம். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ எடுத்தார். எழுந்து நடக்கும் பிணங்கள் மனிதரைத் தின்னும் கதை. பத்தாண்டு கழித்து அதன் வழியில் ‘டான் ஆஃப் த டெட்’ எடுத்தபோது, இத்தாலிய இயக்குநர் டாரியோ ஆர்ஜென்டோ அதன் தயாரிப்பில் துணை நின்றார். ஆங்கிலம் வழங்காத நாடுகளுக்கான பிரதியைத் தாமே வெட்டி ஒழுங்குசெய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரதி 1978 செப்டம்பரில் இத்தாலியில் ‘ஸோம்பி’ என்ற பெயரில் வெளியாகி நன்றாக ஓடியது. ஓராண்டு முடிவதற்குள், 1979 ஆகஸ்டில், ஃபாப்ரிசியோ டி ஆஞ்செலிஸ், உகோ டூச்சி என்னும் தயாரிப்பாளர்கள் ‘ஸோம்பி 2’ என்ற பெயரில் ஒரு படத்தை இறக்கினார்கள். ரொமேரோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆர்ஜென்டோவுக்கும் இல்லை. கதை தொடரவில்லை, பாத்திரம் எதுவும் தொடரவில்லை, இடம் தொடரவில்லை. எண் மட்டும் தொடர்ந்தது. முன்னதைப் பார்த்து மகிழ்ந்தவர் பின்னதை அதன் மிச்சம் என்று நம்பிச் சீட்டு வாங்க வேண்டும், திட்டம் அவ்வளவுதான்.

இது ஏமாற்று. இதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ஏமாற்றியது யார், ஏமாற்றப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? அந்த எண் சுவரொட்டியில் இருந்தது. அதை நம்பிச் சீட்டு வாங்கிய இத்தாலிய ரசிகருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான வழக்கு அது. மற்ற நாடுகளுக்குப் போனபோது அந்த எண் உதிர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1980இல் வெறும் ‘ஸோம்பி’ என்றே வெளியானது. பிரிட்டனில் ‘ஸோம்பி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. மேற்கு ஜெர்மனியில் தலைப்பே வூடூவையும் தீவையும் பேசியது. எண் இல்லாத ஊர்களிலும் படம் ஓடியது. எண்ணைப் பற்றி ஏதும் அறியாதவர்களும் அதைப் பார்த்து அலறினார்கள். ஒரு பொய்யை எடுத்துவிட்ட பிறகும் மிச்சமிருப்பது எதுவோ, அதைத்தானே விமர்சகர் பேச வேண்டும்?

*

இலக்கணம் நடத்துகிறவன் என்பதால் நன்னூலை இங்கே இழுக்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நூல் மூவகைப்படும் என்கிறார் பவணந்தி. முதல் நூல், வழிநூல், சார்புநூல். முன்னோர் முடிவை ஏற்றுக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாடுகளையும் சொல்வது வழிநூல். முன்னோர் நூல்களோடு ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். இந்தப் பாகுபாட்டில் என்னை எப்போதும் கவர்வது ஒன்று உண்டு. மூன்றும் நூல்களே. சார்புநூல் என்பதனாலேயே ஒன்று நூலாகாமல் போவதில்லை. யாரைச் சார்ந்தது என்பது ஒரு கேள்வி. நன்றாக அமைந்ததா என்பது வேறு கேள்வி. நம் மரபு இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. நவீனத்துவம் படித்த நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ‘ஸோம்பி 2’ ஒரு சார்புநூல். தன்னை வழிநூல் என்று சொல்லி விற்றுக்கொண்ட சார்புநூல். ரொமேரோவிடமிருந்து அது எடுத்துக்கொண்டவை இரண்டு: பிணம் மனிதரைத் தின்னும் என்பதும், தலையைச் சிதைத்தால்தான் பிணம் அடங்கும் என்பதும். மற்றவை வேறிடத்திலிருந்து வந்தவை. அந்த வேறிடம் எது என்று பார்த்தால், ‘அசல்’ என்ற சொல்லே ஆட்டம் காண ஆரம்பிக்கிறது.

ஸோம்பி என்பது ஹெய்ட்டித் தீவின் நம்பிக்கை. இறந்தவனை மந்திரவாதி எழுப்பித் தன் அடிமையாக வேலை வாங்குகிறான் என்பது அதன் சாரம். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களின் வழிவந்த மக்கள், சாவும் விடுதலை தராத நிலையை நினைத்து நடுங்கியதன் உருவம் அது. 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போய்வந்த வில்லியம் சீப்ரூக் 1929இல் ‘த மேஜிக் ஐலண்ட்’ என்ற நூலை எழுதினார். அதன் சூட்டிலேயே 1932இல் பேலா லுகோசி நடித்த ‘ஒயிட் ஸோம்பி’ வந்தது. 1943இல் ஜாக் தூர்னரின் ‘ஐ வாக்ட் வித் எ ஸோம்பி’ வந்தது. இந்தப் பிணங்கள் யாரையும் தின்னவில்லை. ஏவிய வேலையைச் செய்தன, அவ்வளவே.

ரொமேரோ 1968இல் எடுத்த படத்தில் ஸோம்பி என்ற சொல்லே கிடையாது. அந்தக் கதைக்கான வித்து ரிச்சர்ட் மாத்திசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவலிலிருந்து வந்தது என்று ரொமேரோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதிலே உலவுபவை இரத்தம் குடிக்கும் பேய்கள். ரொமேரோ அவற்றைத் தசை தின்னும் பிணங்களாக்கினார். அவருடைய அடுத்த படத்துக்கு ‘ஸோம்பி’ என்று பெயர் வைத்ததோ இத்தாலிக்காரர்கள். ஆக, ஃபுல்ச்சி படம் யாருடைய சொத்தைக் களவாடியது? சொல் ஹெய்ட்டியருடையது. வித்து மாத்திசனுடையது. தலைப்பு இத்தாலியப் பிரதிக்கு வைத்தது. அந்த இத்தாலியப் பிரதியும் ரொமேரோவின் பிரதியும் ஒன்றல்ல. ஒன்று சுமார் 119 நிமிடம், மற்றது சுமார் 127 நிமிடம். கான் திரைப்பட விழாச் சந்தைக்காக அவசரமாக ஒட்டிய இன்னொரு பிரதி 139 நிமிடம். அசலுக்கே மூன்று பாடம் இருக்கும்போது நகல் எதற்கு நகல்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, விநியோகஸ்தர்கள் காப்புரிமை அறிவிப்பைத் திரையில் போடாமல் விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லாத படம் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம், விற்றார்கள். இந்தக் குலத்தின் முதல் நூலுக்கே பத்திரம் கிடையாது. பேரனிடம் பட்டா கேட்பது எந்த ஊர் நியாயம்?

*

‘போலி’ என்று சொல்கிறவர்களின் தராசு எப்போதும் ஒரே தராசாக இருப்பதுமில்லை. செர்ஜியோ லியோனே 1964இல் எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ குரோசாவாவின் ‘யோஜிம்போ’வை அப்பட்டமாகத் தழுவியது. அனுமதி கேட்கவில்லை. ஜப்பானியர்கள் வழக்குக்குப் போனார்கள். உலக வசூலில் 15 விழுக்காட்டைக் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்று லியோனேயைப் போலி என்று யாராவது சொல்கிறோமா? அவருடைய அண்மைக்காட்சிகளைப் பற்றியும் மோரிகோனியின் இசையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். காட்சிக்குக் காட்சி எடுத்துக்கொண்டவருக்குக் கிடைத்த மன்னிப்பு, எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒருவர் புகழ் பெற்றார், மற்றவர் பெறவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லா நகலையும் ஒரே கூடையில் போட்டு வாழ்த்த வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. என்ஸோ காஸ்டெல்லாரி 1981இல் எடுத்த ‘லுல்டிமோ ஸ்க்வாலோ’ என்ற சுறாப் படம் ‘ஜாஸ்’ படத்தின் கதையைப் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். யுனிவர்சல் நிறுவனம் 1982இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தடை வாங்கியதில் எனக்கு வியப்பில்லை. புருனோ மத்தேய் 1995இல் எடுத்த ‘க்ரூவல் ஜாஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் படங்களின் காட்சித் துண்டுகளையே வெட்டி ஒட்டிக்கொண்டது. பெயரைத் திருடுவது ஒன்று, கதையைத் திருடுவது இன்னொன்று, படச்சுருளையே திருடுவது மூன்றாவது. மூன்றையும் ‘போலி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பவர், திருட்டைப் பற்றியும் சரியாகப் பேசவில்லை, சினிமாவைப் பற்றியும் சரியாகப் பேசவில்லை.

*

இனி படத்துக்கு வருவோம். ஆளில்லாப் படகு ஒன்று நியூயார்க் துறைமுகத்துக்குள் மிதந்து வருகிறது. சோதனையிட ஏறிய காவலரில் ஒருவரை உள்ளே இருந்த பிணம் கடித்துக் கொல்கிறது. படகின் சொந்தக்காரருடைய மகளும் ஒரு பத்திரிகையாளரும் காரணம் தேடிக் கரீபியக் கடலில் உள்ள மாதுல் என்ற கற்பனைத் தீவுக்குப் போகிறார்கள். வழியில் ஒரு தம்பதியின் படகில் இடம் கிடைக்கிறது. தீவில் டாக்டர் மெனார்ட் என்ற வெள்ளைக்காரர், செத்தவர்கள் எழும் நோய்க்கு அறிவியல் விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறார். விளக்கம் கிடைப்பதில்லை. பிணங்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன. திரையில் எழுத்தாளராக எலிசா பிரிகாந்தியின் பெயர் வருகிறது. அவருடைய கணவர் தர்தானோ சாக்கெட்டியும் சேர்ந்து எழுதினார் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி.

ரொமேரோவின் படம் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் நடக்கிறது. நுகர்வுச் சமூகத்தைப் பற்றிய எள்ளல் அதன் உயிர். ஃபுல்ச்சியிடம் எள்ளல் கிடையாது. அவர் பிணத்தைப் பிணமாகவே பார்க்கிறார். ஜன்னெட்டோ டி ரோஸ்ஸி (பின்னாளில் டேவிட் லிஞ்சின் ‘ட்யூன்’ படத்துக்கு ஒப்பனை செய்தவர்) உருவாக்கிய பிணங்களில் மண் இருக்கிறது, புழு இருக்கிறது. ரொமேரோவின் பிணங்கள் முகத்தில் நீலம் பூசிய அயலார்போல் இருக்கும். இவை புதைகுழியிலிருந்து வந்தவை. செர்ஜியோ சால்வாத்தியின் ஒளிப்பதிவில் நண்பகல் வெயிலும் காற்றில் பறக்கும் புழுதியுமாகத் தீவின் தெரு தெரிகிறது. அதன் நடுவே நண்டு ஒன்று ஊர்ந்து போகிறது. யாரும் எதுவும் பேசுவதில்லை. ஒரு ஊர் செத்துவிட்டது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

கடலுக்கடியில் ஒரு பிணமும் ஒரு சுறாவும் மோதும் காட்சி இந்தப் படத்தின் புகழுக்குக் காரணம். மெக்சிகோவின் நீரடி ஒளிப்பதிவாளர் ரமோன் பிராவோ பிண வேடமிட்டு உண்மையான சுறாவோடு அதில் நீந்தினார். கேட்டால் சிரிப்பு வரும். பார்த்தால் வராது. நீருக்குள் எல்லாம் மெதுவாக நடப்பதால் அந்தச் சண்டை ஒரு சடங்கைப்போல் ஆகிவிடுகிறது. ஃபாபியோ ஃப்ரிஸ்ஸியின் இசை அவசரமே காட்டாமல் அதன் கூடவே மிதக்கிறது. ரொமேரோவின் எந்தப் படத்திலும் இப்படியொரு காட்சி இல்லை. நகலெடுத்தவர் இதை எங்கிருந்து நகலெடுத்தார்?

நான் முக்கியமாகக் கருதும் காட்சி வேறு. தப்பி ஓடும் நால்வர் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் களைத்து உட்காருகிறார்கள். அது ஸ்பானிய வெற்றியாளர்களைப் புதைத்த இடம். நிலம் பிளந்து அவர்கள் எழுகிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்து தீவுகளைக் கைப்பற்றியவர்கள் அதே மண்ணிலிருந்து பசியோடு எழுந்து வருகிறார்கள். படத்தின் தொடக்கத்தில் தீவிலிருந்து பிணம் ஏறிய படகு நியூயார்க்குக்குப் போகிறது. முடிவில் பிணங்கள் புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்து நகருக்குள் போகின்றன. அன்று கப்பல் போன திசைக்கு எதிர்த்திசையில் இன்று படகு வருகிறது. ஸோம்பி என்ற உருவத்தை ஹெய்ட்டியிலிருந்து எடுத்துச் சென்று பென்சில்வேனியாவில் குடியமர்த்தியவர் ரொமேரோ. அதைத் திரும்பக் கரீபியன் மண்ணுக்கே கொண்டுவந்து, அடிமை வணிகத்தைத் தொடங்கிவைத்தவர்களின் எலும்புக்கூட்டோடு சேர்த்து நிறுத்தியது இந்தப் ‘போலி’.

இதை ஃபுல்ச்சி திட்டமிட்டுச் செய்தாரா? செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இது என் வாசிப்பு. ஆனால் வாசிப்புக்கு இடம் கொடுக்கும் படிமம் திரையில் இருக்கிறது. தலைப்பிலிருந்த எண்ணோடு நின்றுவிட்டவர் அந்தக் கல்லறைத் தோட்டம்வரை வருவதே இல்லை.

*

குற்றமும் இங்கேதான் இருக்கிறது. எண்ணைத் திருடியதைவிடப் பெரிய குற்றம்.

தீவின் கறுப்பின மக்கள் இந்தப் படத்தில் பெரும்பாலும் பெயரற்றவர்கள். மருத்துவமனைக் கட்டில்களில் நோயாளிகளாகக் கிடக்கிறார்கள், துணி சுற்றிய பிணங்களாகிறார்கள், நெற்றியில் குண்டு வாங்குகிறார்கள். முரசொலி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதை அடிப்பவர் யார், எதற்காக அடிக்கிறார் என்று படம் கடைசிவரை அக்கறை கொள்வதில்லை. அந்த ஒலி வெள்ளையரைப் பயமுறுத்தினால் போதும். அடிமையின் துயரத்திலிருந்து பிறந்த ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அடிமையின் குரலை மட்டும் வெளியே நிறுத்திவிடுகிறது படம். வெற்றியாளர்களின் பிணம் எழுந்த அந்தக் கணத்தில் படத்துக்குத் தன் பொருள் என்னவென்று தெரிந்திருந்தால், அது வேறொரு படமாகியிருக்கும்.

பெண்கள் விஷயமும் இப்படியே. கடலுக்குள் இறங்கும் பெண்ணின் உடல்மீது காமிரா காட்டும் ஆர்வம் கதைக்குத் தேவையற்றது. டாக்டரின் மனைவியை முதலில் குளியலறையில் காட்டிவிட்டு, சிறிது நேரத்தில் அவள் கண்ணை உடைந்த கதவின் சிம்பை நோக்கி அங்குலம் அங்குலமாக இழுத்துப்போகிறது படம். அந்தக் காட்சியின் கைத்திறன் மறுக்க முடியாதது. பார்ப்பவர் தன் கண்ணையே மூடிக்கொள்ளும்படி செய்யும் திறன் அது. ஆனால் அந்தத் திறன் யார்மேல், எதற்காகச் செலவழிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டியது விமர்சகரின் கடமை.

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். ‘போலி’ என்று கோப்பை மூடியவர் இந்தக் கேள்விகளில் எதையும் கேட்டதில்லை. அவர் தீர்ப்பில் தண்டனை இருக்கிறது. குற்றம் மட்டும் தவறாக எழுதப்பட்டிருக்கிறது.

*

கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் படம் முழுதாகக் கிடைக்க வேண்டும். ‘ஸோம்பி 2’ முழுதாகக் கிடைத்த கதை, படத்தைக் காட்டிலும் நமக்குப் பாடமானது.

பிரிட்டனில் 1980இல் தணிக்கையாளர்கள் ஏறக்குறைய இரண்டு நிமிடங்களை வெட்டிய பிறகே திரையரங்குக்கு விட்டார்கள். கண் காட்சி அதில் போயிற்று. அப்போது வீடியோ நாடாக்களுக்குத் தணிக்கை கிடையாது. விப்கோ என்ற நிறுவனம் முதலில் வெட்டிய பிரதியையும், பிறகு வெட்டாத பிரதியையும் நாடாவாக விற்றது. பத்திரிகைகள் கூச்சலிட்டன. குழந்தைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள். அரசுத் தரப்பு வழக்குத் துறை ஒரு பட்டியல் தயாரித்தது. வெவ்வேறு காலத்தில் அதில் இடம்பெற்ற படங்கள் 72. அவற்றில் 39 படங்கள் ஆபாசத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்கில் தண்டிக்கப்பட்டவை. ஃபுல்ச்சி படம் அந்த 39இல் ஒன்று. கடைகளில் காவலர் புகுந்து நாடாக்களை அள்ளிச் சென்றார்கள். 1984இல் வீடியோப் பதிவுகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வெட்டில்லாத பிரதிக்கு பிரிட்டனில் சான்றிதழ் கிடைத்தது 2005இல். இருபத்தைந்து ஆண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க மறந்துவிட்டார்கள் என்பது 2009இல் தெரியவந்தது. அறிவிக்கப்படாத சட்டத்தை யார்மீதும் செயல்படுத்த முடியாது. 2010 ஜனவரியில் அவசரமாக மறுபடி இயற்றினார்கள். படைப்புகளின் தகுதியைச் சோதித்து முத்திரை குத்திக்கொண்டிருந்த சட்டத்துக்கே கால் நூற்றாண்டாகச் சரியான காகிதம் இல்லை. அதற்காக அது சட்டமே அல்ல, போலிச் சட்டம் என்று எந்த அரசும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பிழையைத் திருத்திக்கொண்டு அதை நடத்திச் சென்றார்கள். சட்டத்துக்குக் காட்டும் இந்தப் பெருந்தன்மையைச் சினிமாவுக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

படத்தைக் காப்பாற்றியவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். வீட்டு வீடியோ வணிகர்கள். 2004இல் அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே டிவிடி வெளியிட்டன. ஒன்று ‘ஸோம்பி’ என்றும் மற்றது ‘ஸோம்பி 2’ என்றும் அட்டையில் போட்டுக்கொண்டன. 2011இல் ப்ளூ அண்டர்கிரவுண்ட் நிறுவனம் ப்ளூ-ரே கொண்டுவந்தது. 2012இல் பிரிட்டனில் ஏரோ நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு அசல் நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதுப்பித்து, 2018இல் ப்ளூ அண்டர்கிரவுண்ட் மறுபடி வெளியிட்டது. 2020இல் 4கே வட்டாகவும் தந்தது. வெட்டுப்பட்ட காட்சிகள் சேர்ந்தன. மங்கிய நாடாவில் சேறாகத் தெரிந்த நிறங்கள் தெளிந்தன. சால்வாத்தியின் ஒளிப்பதிவைப் பற்றி மேலே எழுதியதை மூன்றாம் தலைமுறை வீடியோ நாடாவைப் பார்த்த எவரும் எழுதியிருக்க முடியாது.

ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பிடித்து, பாடவேறுபாடு குறித்து, சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்று காட்டிப் பதிப்பித்தவர்களின் உழைப்பில் வாழும் துறை என்னுடையது. பதிப்பாசிரியர் சுவடியை எடுக்கும்போது, இது பெரும்புலவர் செய்ததா, சார்ந்து செய்ததா என்று பார்த்துச் சிறியதை அடுப்பில் போடுவதில்லை. முதலில் முழுப் பாடம்; பிறகு மதிப்பீடு. இத்தாலிய மலிவுப் படங்களுக்கு இந்த எளிய நியாயத்தை வழங்கியவர்கள் இலாபம் நோக்கிய சில வட்டு வணிகர்கள் என்பது, விமர்சனம் தொழிலாகக் கொண்டவர்களுக்கு வெட்கம் தர வேண்டிய செய்தி.

*

அந்த வணிகர்களுக்கும் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் மாலை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. 2018ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்று வெவ்வேறு அட்டைகளோடு விற்கப்பட்டது: சுறா ஒன்று, கண் ஒன்று, புழு நெளியும் பிணமுகம் ஒன்று. உள்ளே இருக்கும் படம் ஒன்றே. மூன்றையும் வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. எண்ணைப் போட்டு ஏமாற்றிய 1979ஆம் ஆண்டுத் தயாரிப்பாளருக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இந்த எண் வியாபாரம் பிறகு முற்றிப் பைத்தியமாகிவிட்டதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1988இல் ‘ஸோம்பி 3’ பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டது. பாதியில் ஃபுல்ச்சியின் உடல்நிலை கெட்டது; புருனோ மத்தேயும் கிளாவுதியோ ஃப்ரகாஸ்ஸோவும் முடித்தார்கள். ஃப்ரகாஸ்ஸோவின் ‘ஆஃப்டர் டெத்’ வீடியோச் சந்தையில் நான்காம் பாகமாயிற்று. ‘கில்லிங் பேர்ட்ஸ்’ என்ற படம் ஐந்தாம் பாகமாயிற்று. அது வெளிவந்ததோ 1987இல், மூன்றாம் பாகத்துக்கும் முன்னால். இவற்றுக்கும் இன்று அழகிய வட்டுகள் உண்டு. ‘ஸோம்பி 3’ சோர்வான படம். அதை வட்டில் பார்க்கக் கிடைப்பது நல்லது. பார்த்துவிட்டுச் சோர்வான படம் என்று சொல்வதும் நல்லது. இரண்டாவதைச் செய்ய ரசிகர் கூட்டம் மறுக்கிறது. ‘கல்ட்’ என்ற சொல்லைச் சொல்லிக் கும்பிடுகிறது. அல்லது எவ்வளவு மோசம் பார் என்று கூடி உட்கார்ந்து இளக்காரமாகச் சிரிக்கிறது. கும்பிடுவதும் சிரிப்பதும் பாராமலிருப்பதன் இரண்டு வகைகள். முரசடித்தவர் யார் என்ற கேள்வியை இவர்களும் கேட்டதில்லை. அந்த வகையில் ரசிகரும் ‘போலி’ என்று முகம் சுளிக்கும் விமர்சகரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

ஃபுல்ச்சி 1996இல் இறந்தார். ‘ஸோம்பி 2’க்கு முன்பு நகைச்சுவைப் படங்கள், வெஸ்டர்ன்கள், கொலை மர்மங்கள் என்று பலவும் எடுத்திருந்தார். 1972இல் அவர் எடுத்த ‘டோன்ட் டார்ச்சர் எ டக்லிங்’ ஒரு தெற்கு இத்தாலியக் கிராமத்தின் மூடநம்பிக்கையையும் மதகுருவின் மனத்தையும் பற்றிய கசப்பான படம். ‘ஸோம்பி 2’க்குப் பின் 1981இல் ‘த பியாண்ட்’ வந்தது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் ‘ஸோம்பி 2’ எங்கே நிற்கிறது என்று தெரியும். ரொமேரோவுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும்வரை அது இரண்டாவதாகவே இருக்கும். ஏனென்றால் அந்த இடத்தில் அதை நிறுத்தியது சுவரொட்டி அடித்தவர். சுவரொட்டியை நம்பிச் சீட்டு வாங்கிய ரசிகரை நாம் பரிகசிக்கிறோம். அதே சுவரொட்டியை நம்பித் தீர்ப்பு எழுதிய விமர்சகரை என்ன செய்வது?

படம் வட்டில் கிடைக்கிறது, வெட்டில்லாமல். பார்த்துவிட்டு ஒருவர் அதைக் கடுமையாக நிராகரிக்கலாம். தீவு மக்களை முன்வைத்து நிராகரித்தால் நான் பாதிக்கு மேல் உடன்படுவேன். அந்தப் பெண்ணின் கண்ணை முன்வைத்து நிராகரித்தால் உட்கார்ந்து விவாதிப்பேன். எண்ணை முன்வைத்து நிராகரித்தால், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்பேன்.